சுவரைப் பார்த்து நேர் பிடித்த கார்

ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் தெரு அவரைச் சர்வேயர் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் அதில் குறையில்லை. முப்பத்தாறு வருஷம் நிலத்தை அளந்தவர். அவர் அடித்த முளையை இன்னொருவர் வந்து பிடுங்கி மாற்றி அடித்ததாகச் சரித்திரம் இல்லை. நடையும் அப்படித்தான். தெருவில் பள்ளம் வந்தால் சுற்றிப் போகமாட்டார். இறங்கி ஏறிப் போவார். "எங்க குடும்பத்துல கோணல் கிடையாது" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு கோணல் இருப்பதாகச் சொன்ன ஒரே ஆள் அவருடைய சொந்தத் தம்பி.

அப்பா விட்டுப்போன மனையை அண்ணன் தம்பி இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டபோது, நடுவில் சுவருக்குக் கோடு போட்டவர் சர்வேயர்தான். அறுபதடி நீளம், நெஞ்சளவு உயரம், நடுவில் ஒரு தூண். கட்டி முடித்த அன்று சொந்தபந்தம் கூடியிருந்தது. தையற்காரரான தம்பி தெருமுனையில் நின்று ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தார். அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, "அண்ணா, தூணுக்கு இந்தப் பக்கம் சுவர் என் மனைக்குள்ள வருது. முனையில அரை அடி இருக்கும்" என்றார்.

அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "துணிக்கு அளவெடுக்கிறவன் நிலத்துக்கு அளவு சொல்ல வந்துட்டான். பேராசை பிடிச்ச பொய்யன்" என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. தம்பி உள்ளே போனார். போனவர் இருபத்திரண்டு வருஷம் பேசவில்லை. அவசரச் செய்தி ஏதாவது இருந்தால் மனைவிமார் வழியாக வரும், போகும்.

சுவர் நேர் என்றால் தம்பி பொய்யன். சுவர் கோணல் என்றால்? அந்தக் கேள்விக்கு மேல் சர்வேயர் போனதில்லை. போகவேண்டிய தேவையும் வரவில்லை, காருக்கு ஸ்பிரிங் மாற்றும் வரை.

கார் பழையது. சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலும் அவர் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். "உங்க கார்ல வர்றதுக்கு நான் அம்மியில உட்கார்ந்து உருண்டு வரலாம்" என்று அந்த அம்மாள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் தெருக்கோடி மெக்கானிக்கிடம் கார் போனது. கம்பெனி உதிரிபாகம் இந்த மாடலுக்கு வருவதில்லை என்று மெக்கானிக் வெளிக் கம்பெனி செய்த ஸ்பிரிங் நான்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் வாங்கி மாட்டினார். கார் ஒரு இஞ்சு உயர்ந்து, புதுச்சட்டை போட்ட கிழவன் மாதிரி நிமிர்ந்து நின்றது.

சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக், "ஐயா, உயரம் கூடினா முன்சக்கரம் பார்க்கிற திசை மாறிடும். இப்படியே ஓட்டினா டயர் ஒரு பக்கமா தேய்ஞ்சுடும். நேரா அலைன்மென்ட் கடைக்கு விடுங்க" என்றார்.

"என்ன பண்ணுவாங்க அங்க?"

"சக்கரத்தை நேராக்குவாங்க."

"நேர் எதுன்னு பார்க்க நான் இன்னொருத்தர்கிட்டப் போகணுமா?"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாங்க, போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

சர்வேயர் மெக்கானிக்கைக் குடைந்து விவரம் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்பவில்லை. கேட்டுப் பார்த்தால் வேலை எளிதுதான். ஸ்டியரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்ட வேண்டும். ஒவ்வொரு முன்சக்கரத்தையும் டைராட் என்ற கம்பி பிடித்திருக்கிறது. அதைத் திருகினால் சக்கரம் இப்படியோ அப்படியோ திரும்பும். பின்சக்கரங்கள் பார்க்கும் திசையையே முன்சக்கரங்களும் பார்க்கும்படி திருகி இறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பரணிலிருந்து தூக்குக்குண்டு இறங்கியது, ரசமட்டம் இறங்கியது, ஒரு பந்து கட்டுநூல் இறங்கியது. ஸ்டியரிங்கைத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார். இனி நேர் எது என்று காட்ட ஒரு கோடு வேண்டும். காரின் உடம்பை அவர் நம்பவில்லை. யாரோ எங்கோ தட்டிச் செய்தது. கைக்கெட்டும் தூரத்தில் அறுபதடி நீளத்துக்கு ஒரு நேர்கோடு செங்கலும் சிமென்ட்டுமாக நின்றுகொண்டிருக்கும்போது அவர் வேறு எதை நம்புவார்?

காரின் மூக்கு தெருவைப் பார்க்க, இடது பக்கம் சுவர் இருந்தது. பின்சக்கரங்கள் சுவரின் பின்பாதிக்குச் சரியாக இணையாக நிற்கும்படி காரைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தினார். முன்சக்கரங்கள் தூணைத் தாண்டிச் சுவரின் முன்பாதிக்குப் பக்கத்தில் நின்றன. அங்கே சுவரை ஒட்டி நூல் கட்டி, இடது முன்சக்கரத்தை நூலுக்கு இணையாக்கினார். பிறகு வலது சக்கரத்தை இடது சக்கரத்துக்கு இணையாக்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை. தரையில் படுத்து எழுந்ததில் சட்டை முழுக்க கிரீஸ். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"காருக்கு ஜாதகம் கணிக்கிறீங்களா?"

"ஒரு நூல் பிசகாது. வந்து உட்காரு."

கார் கிளம்பியது. குலுங்கவில்லை. மனைவியின் இடுப்பு எந்தக் குறையும் சொல்லவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டியதும் கார் இடது பக்கம் மூக்கைத் திருப்பித் தம்பி வீட்டு வாசலைப் பார்த்துப் போனது. சர்வேயர் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பிப் பிடித்தார். கார் நேரே போனது. ஸ்டியரிங்கை நேராக்கினார். கார் மறுபடி இடது பக்கம் ஒதுங்கியது.

கொஞ்ச தூரம் மனைவி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ஏங்க, நேராத்தானே போறோம்?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் ஏன் ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியிருக்கு?"

"திரும்பலை."

"பன்னிரண்டு மணியில இருக்க வேண்டியது பன்னிரண்டரையில நிக்குதே. எனக்கு ஓட்டத் தெரியாது. கடிகாரம் பார்க்கத் தெரியும்."

"ஸ்பிரிங் சரியில்லை" என்றார் சர்வேயர்.

"நல்ல ஸ்பிரிங். உங்களுக்கு வராத பாசம் அதுக்காவது வந்திருக்கு. கொழுந்தன் வீட்டுக்குப் போகணுங்குது" என்று அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றே மெக்கானிக்கிடம் சண்டை. ஒரு பக்க ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறது என்றார் சர்வேயர். மெக்கானிக் நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து காட்டினார். நான்கும் ஒன்று. சர்வேயர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டு, "அலைன்மென்ட் கடையில கம்ப்யூட்டர் இருக்குங்க. பார்த்துச் சீட்டு அடிச்சுத் தருவாங்க. சக்கரம் சரின்னு அந்தச் சீட்டுல வந்துட்டா நாலு ஸ்பிரிங்கையும் கழட்டி வேற போட்டுத் தர்றேன்" என்றார்.

சர்வேயருக்கு அது பிடித்துப் போயிற்று. தன் வேலை சரி என்று பட்சபாதமில்லாத ஒரு இயந்திரம் அச்சடித்துத் தரப்போகிறது. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

கடையை நடத்துபவரை அந்த வட்டாரத்தில் லேசர் அக்கா என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காரை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் கவ்விகளை மாட்டி, காரைக் கொஞ்சம் உருட்டிப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். திரையில் எண்கள் வந்தன. சில பச்சை. இரண்டு சிவப்பு. லேசர் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு வாய் டீ குடித்தார். மறுபடி பார்த்தார்.

"ஐயா, இதை யார் செஞ்சது?"

"ஏன்?"

"கை நல்ல கை. பின்சக்கரம் நேரா இருக்கு. முன்சக்கரம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துளி பிசகு இல்லை. மிஷின் இல்லாம இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்லை."

சர்வேயரின் முதுகு இன்னும் அரை இஞ்சு நிமிர்ந்தது. "நான்தான்" என்றார்.

"ஆனா ரெண்டும் சேர்ந்து ஒரு டிகிரி இடது பக்கம் பார்க்குது."

"ரெண்டுமா?"

"ரெண்டும். சரியா ஒரு டிகிரி. ஒரு சக்கரம் தப்பா இருந்தா கைத்தப்புன்னு சொல்லலாம். ரெண்டும் ஒரே அளவு தப்பா இருந்தா கை மேல குத்தமில்லை. நேர்னு எதைப் பார்த்து வெச்சீங்களோ அதுதான் கோணல். எதைப் பார்த்து வெச்சீங்க?"

"சுவர்."

"சுவரை நம்பலாமா ஐயா? கொத்தனார் குடிச்சுட்டுக் கட்டியிருப்பார்."

"கட்டினது மட்டும்தான் கொத்தனார். கோடு நான் போட்டது."

லேசர் அக்கா டீ டம்ளரை மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தார்.

சர்வேயரின் தலை கணக்குப் போட ஆரம்பித்தது. வேண்டாம் என்று அவர் தலையிடம் சொன்னார். தலை கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷப் பழக்கம். தூணிலிருந்து தெருமுனைக்கு முப்பதடி. முப்பதடியில் ஒரு டிகிரி விலகினால் முனையில் எவ்வளவு? இதற்குப் பென்சில்கூட வேண்டாம். ஆறு இஞ்சும் கொசுறும்.

கூடவே ஒரு காலைப் பொழுதும் வந்து நின்றது. முதல் நாள் பின்பாதிக்குக் கோடு போட்டாகிவிட்டது. இரவு நல்ல மழை. மறுநாள் கருவியைத் தூண் பக்கம் நிறுத்தி, பின்னால் இருந்த முளையைப் பார்த்துத் திசை பிடித்து, முன்பாதிக்குக் கோடு போட்டார். மழையில் அந்த முளை அசைந்திருக்குமா என்று ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். தான் அடித்த முளையைத் தானே சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டார்.

"உங்க மிஷின் தப்பா இருக்கலாம்" என்றார்.

லேசர் அக்கா கோபப்படவில்லை. கவ்விகளைக் கழற்றி இடத்தை மாற்றி மாட்டிக் காட்டினார். அதே ஒரு டிகிரி. காரை இறக்கித் தன் சொந்த வண்டியை மேடையில் ஏற்றிக் காட்டினார். எல்லாம் பச்சை.

"பத்து நிமிஷ வேலை. ரெண்டு கம்பியையும் திருகி நேராக்கிடட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"டயர் தேயாது, ஆனா கோணலாப் பிடிச்சு ஓட்டணுமே ஐயா."

"ஓட்டிக்கிறேன்."

காரைத் திருத்த விட்டால் சுவர் கோணல் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பன்னிரண்டரையில் பிடித்துக்கொண்டு, நேராக வீடு வந்து சேர்ந்தார்.

மூன்று நாள் அப்படியே ஓடியது. ஸ்பிரிங்கைப் பற்றி மெக்கானிக்கிடம் மூச்சுவிடவில்லை. மெக்கானிக் எதிரே வந்தால் சர்வேயரே முந்திக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசினார். சீட்டைக் கிழித்துப் போட்டால் விஷயம் தீர்ந்தது. லேசர் அக்காவுக்குத் தம்பி கதை தெரியாது. தம்பிக்கு லேசர் அக்கா கதை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

மானம் என்பது அடுத்தவன் கண்ணுக்கு என்றால் கிழித்திருக்கலாம். அவர் அப்படி வளரவில்லை. பொய்யன் என்று நாலு பேர் நடுவில் சொன்ன வாய் தன்னுடையது. பொய் சொல்லாதவனைச் சொன்ன வாய். அதோடு எப்படிச் சாப்பிடுவது?

"என்னங்க உடம்புக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு டிகிரி" என்றார்.

"காய்ச்சலா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் காலை, மனைவி காய்கறிக் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் நூல் பந்தோடு வெளியே வந்தார். கார் பார்த்துச் சொன்னது போதாது, மிஷின் பார்த்துச் சொன்னது போதாது. தானே பார்க்க வேண்டும். சுவரின் பின்கோடியில் ஆணி அடித்து நூலைக் கட்டினார். சுவருக்கும் நூலுக்கும் நடுவே ஒரே கனமுள்ள மரக்கட்டை ஒன்று பின்கோடியில், ஒன்று தூணருகில். அந்த இரண்டையும் தொட்டபடி நூலைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனார். சுவர் நேராக இருந்தால் முனையிலும் சுவருக்கும் நூலுக்கும் அந்தக் கட்டையின் கனம்தான் இருக்க வேண்டும்.

நூலை விறைப்பாகப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அளப்பதற்கு மூன்றாவது கை இல்லை. டேப்பை எடுக்க ஒரு கையை விட்டால் நூல் தளர்ந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார். பொய்ப்பல் அதற்கு ஒத்துழைக்கவில்லை. இப்படி அவர் நூலைக் கட்டிக்கொண்டு நின்ற கோலத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் தையல் டேப்.

"பிடிக்கணுமா?" என்றது தலை.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. சர்வேயர் திரும்பவில்லை. "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தார். நூல் கையை அறுத்தது.

"பிடிக்கணும்" என்றார்.

தம்பி தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "வரலாமா?" என்றார்.

"வா."

தம்பி கழுத்து டேப்பை உருவினார். கட்டைகளைப் போய்ப் பார்த்து, ஒன்றின் கனத்தை அளந்துகொண்டு வந்தார். பிறகு முனையில் சுவருக்கும் நூலுக்கும் நடுவே டேப்பை வைத்தார். ஒரு கண்ணை மூடினார். கட்டையின் கனத்தை மனதுக்குள் கழித்தார்.

"எவ்வளவு?" என்றார் அண்ணன்.

"நீங்களே பாருங்க அண்ணா."

"நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

தம்பி டேப்பை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "ஆறே கால்" என்றார்.

சர்வேயர் நூலை விட்டார். அது தரையில் சுருண்டு விழுந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஆபீசில் அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார்: "சுவர் கோணல். கோடு போட்டது நான். தப்பு என்னோடது. உன்னைப் பொய்யன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அன்னைக்கு இருந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு இதையே சொல்றேன். செத்துப்போனவங்க தவிர."

தம்பி டேப்பைக் கையில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார்.

"ஆனா ஒண்ணு" என்றார் அண்ணன். "நீ எவ்வளவுன்னு சொன்னே?"

"அரை அடி."

"அரை அடின்னா ஆறு. இது ஆறே கால். நீ சொன்னதும் சரியில்லை."

"கால் இஞ்சு தையலுக்கு விட்டுத்தான் அண்ணா நான் எப்பவும் சொல்றது."

சர்வேயர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. "சரி. நாளைக்குக் கொத்தனார் வரார். தூணிலிருந்து முன்பாதியை இடிச்சு நேர்க்கோட்டுல கட்டறோம். உன் இடம் உன்கிட்ட வந்துடும்."

"இடிக்கிறதா?" தம்பி பதறினார். "அந்தச் சுவர்ல முட்டுக் கொடுத்துத்தானே எங்க குளியலறையைக் கட்டியிருக்கேன். இடிச்சா கூரை தலைமேல வரும். நான் எங்க குளிக்கிறது, தெருவிலயா?"

"அது உன் பாடு. உன் இடத்தை நீ வாங்கித்தான் ஆகணும்."

"எனக்கு வேண்டாம்."

"அன்னைக்குக் கேட்டியே."

"அன்னைக்குக் குளியலறை இல்லை."

"அடுத்தவன் இடம் ஒரு இஞ்சுகூட எங்க குடும்பத்துல வெச்சுக்கிட்டதில்லை."

"நானும் அதே குடும்பம்தானே அண்ணா. குடுத்ததைத் திருப்பி வாங்கினதில்லை."

"நீ எங்கடா குடுத்தே? நான் எடுத்துக்கிட்டது."

"இப்ப குடுக்கிறேன். வெச்சுக்கோங்க."

"வேண்டாம்னா வேண்டாம்."

இரண்டு குரலும் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே கூடையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் கடைக்குப் போகிறார்கள் என்பது புருஷன்மாருக்குத் தெரியாது. பெரியவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னடி இது, சண்டை போடறாங்களே" என்றாள்.

"பேசறாங்க அக்கா" என்றாள் சின்னவள். "உள்ளே போகாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."

கொத்தனார் வரவில்லை, தம்பி வரவிடவில்லை. அதற்காகச் சர்வேயர் விட்டுவிடும் ஆளும் இல்லை. அன்று மத்தியானமே கேட்டருகில் தரையில், சுவரிலிருந்து ஆறே கால் இஞ்சு தள்ளி ஆரம்பித்துத் தூண் வரை குறுகிக்கொண்டே போகும்படி சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்தார். இந்தத் தடவை முளைகளை மூன்று முறை சரிபார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி மனை. அதில் கால் வைப்பதில்லை என்று முடிவு.

அதில் ஒரு சிக்கல் மறுநாள்தான் தெரிந்தது. காரை லேசர் அக்காவிடம் கொண்டுபோய் நேராக்க வேண்டும். கேட்டின் அகலம் காருக்கு மட்டுமட்டு. வெளியே வரும்போது இடது டயர் சிவப்புக் கோட்டின் மேல் மூன்று இஞ்சு ஏறாமல் வரமுடியாது.

சர்வேயர் கார் சாவியோடு தம்பியின் தையல் கடை வாசலில் போய் நின்றார். தம்பி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார்.

"காரை வெளிய எடுக்கணும். மூணு இஞ்சு உன் இடத்துல ஏறும்."

"எடுத்துக்கோங்க" என்றார் தம்பி குண்டூசிகளுக்கு நடுவில்.

"வாய்ப் பேச்சு வேண்டாம். எழுத்துல குடு."

தம்பி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினார். வெட்டிப்போட்ட கறுப்புத் துணித்துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, தொடைமேல் வைத்து எழுதினார்: 'என் அரை அடி வழியாக அண்ணன் கார் எப்போதும் போகலாம், வரலாம்.' கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

சர்வேயர் துணியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

"ஆறே கால்னு திருத்து."